தொழில் கற்றலும் மங்கலமே

(கார்வேட்டிநகரத்தில் பௌர்ணமி உபோசத நாளன்று நிகழ்த்திய தருமோபதேசம்)

 

திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமைதியுடன் அமர்ந்திருக்கின்றீர்கள். இன்று தியானத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று எண்ணியே புறப்பட்டு வந்தேன். ஆனால் பேருந்திலிருந்து இறங்கிக் கந்த புஷ்கரணியின் கரைவழியே நடந்து வருகையில், உடன் வந்த அன்பர் ஒருவர் கேட்ட வினா என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அவர் இசைவு பெற்று, அவர் பெயரைச் சொல்லாமல், அவ்வினாவையே இன்றைய பொருளாக எடுத்துக் கொள்கிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்தைந்து ஆண்டுகள் நகரியில் விசைத்தறி ஓட்டியவர். முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டபடியால் ஆறு மாதமாக நிலையான வேலையில்லை. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ளுமாறு வீட்டார் சொல்லுகின்றனர். இந்தப் பக்கத்தில் கரும்புத் தோட்டமும் மாந்தோப்பும் உள்ளவரை மோட்டார் எரிந்து போவதற்குக் குறைவிராது. ஆகையால் பிழைப்பும் குறையாது. அவர் கேட்டது இதுதான்: “ஐயா, அவாவே துன்பத்திற்குக் காரணம் என்று நீங்கள் உரைக்கிறீர்கள். இந்த வயதில் புதுத்தொழில் கற்று முன்னிலும் மேலாகச் சம்பாதிக்க எண்ணுவதும் அவாதானே? இருப்பதைக் கொண்டு அடங்கியிருப்பதல்லவா பௌத்தனுக்கு அழகு?”

சற்றுதூரம் பேசாமல் நடந்தோம். பிறகு தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்: “கற்றுக்கொடுப்பவன் எங்கள் தெருப் பையன், ஐயா. இருபத்திரண்டு வயது. அவன் முன்னே போய் நான் உட்கார வேண்டும்.”

முதல் வினா அறிவிலிருந்து எழுந்தது. இரண்டாவது நெஞ்சிலிருந்து வந்தது. முதலாவதற்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவதே கடினமானது.

நாம் சுபகாரியங்களில் ஓதுகின்ற மங்கல சூத்திரத்தை நினைவில் கொள்ளுங்கள். எவை உயர்ந்த மங்கலங்கள் என்று வினவப்பட்டபோது, புத்த பகவான் நாள், கோள், சகுனம் எதனையும் கூறவில்லை. தாய் தந்தையரைப் பேணுதல், தானம், பொறுமை முதலியவற்றோடு, நிறைந்த கேள்வியறிவையும் சிப்பத்தையும் வைத்து அருளினார். சிப்பம் என்னும் பாளிச் சொல் கைத்தொழில், கலை, வித்தை அனைத்தையும் குறிக்கும். நிப்பானத்தை நேரிற் காணுதலையும் மங்கலமென்று உரைத்த அதே சூத்திரத்தில், ஒரு மனிதன் தொழில் கற்றுக் கொள்ளுதலும் மங்கலமென்று இடம்பெற்றிருக்கிறது. தொழிலைத் தருமத்திற்குப் புறம்பானதென்று எண்ணுவோர் இந்த ஒரு சூத்திரத்தையாவது பொருளுணர்ந்து ஓதுவாராக.

கோலிய நாட்டுத் தீகஜாணு என்னும் இல்லறத்தான் ஒருவன் பகவானிடம் வந்து, நாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள், காசிச் சந்தனம் பூசி மாலை அணிந்து, பொன்னும் வெள்ளியும் கையாள்பவர்கள், எங்களுக்கும் இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் தருமம் உண்டோ என்று வினவினான். துறவு பூண்டு வா என்று பகவான் அவனை விரட்டவில்லை. இம்மை நலத்திற்கு நான்கு பேறுகளை எடுத்துரைத்தார். அவற்றுள் முதலாவது முயற்சிப் பேறு. உழவோ, வாணிகமோ, ஆநிரை காத்தலோ, வில்வித்தையோ, அரசர் சேவையோ, வேறு எந்தக் கைத்தொழிலோ, எதனால் வாழ்ந்தாலும் அதில் தேர்ச்சியும் சோம்பலின்மையும் வேண்டும். வழிவகையை ஆராயும் அறிவும் வேண்டும் என்பது அதன் கருத்து. ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து செலவிடுதல் என்பன மற்ற மூன்று.

அவ்விடத்தில் பகவான் ஏரி ஒன்றை உவமையாகக் காட்டுகின்றார். நான்கு கால்வாய்கள் வழியே நீர் வருகின்றது. நான்கு மதகுகள் வழியே நீர் போகின்றது. பெண்பித்து, குடி, சூது, தீயோர் நட்பு ஆகிய நான்கு மதகுகளையும் திறந்துவிட்டு, வரத்துக் கால்வாய்களை அடைத்துவிட்டால் ஏரி என்னாகும்? இவ்வூரார்க்கு ஏரி குளம் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் புஷ்கரணியின் அடிப்படிகள் வெளியே தெரிவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்.

ஆகையால் அன்பரே, அவா என்பது வேறு. முயற்சி என்பது வேறு. கிடைத்தாலும் ஆறாமல் மேன்மேலும் எரிவது அவா. மனைவி மக்களைக் காப்பதற்காக எழுந்து நிற்பது முயற்சி. வேலையின்றி ஆறு மாதம் திண்ணையில் அமர்ந்திருந்தும் மனம் அமைதி அடையவில்லை என்று நீரே சொன்னீர். அது துறவன்று, தேக்கம்.

இனி, தொழில் கற்றவர் ஒருவருடைய சரிதத்தைச் சொல்லுகிறேன். விநய பிடகத்தில் வருவது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இராஜகிருக நகரத்தில் சாலவதி என்னும் கணிகை ஒருத்தி ஆண்மகவு பெற்று, அதனைக் கூடையில் இட்டுக் குப்பைமேட்டில் எறியும்படி செய்தாள். அவ்வழியே சென்ற அபய இராசகுமாரன் காக்கைகள் சூழ்ந்திருப்பதைக் கண்டு, அது என்ன என்று கேட்டான். குழந்தை என்றார்கள். உயிரோடு இருக்கிறதா என்றான். உயிரோடு இருக்கிறது என்றார்கள். அந்த விடையே பெயராகி ஜீவகர் எனப்பட்டார். அரண்மனையில் வளர்ந்தார். அறிவு தெரிந்த வயதில் தம் பிறப்பை விசாரித்தார். தாயும் தெரியவில்லை, தந்தையும் தெரியவில்லை. அப்பொழுது அவர் அழுததாக நூல் கூறவில்லை. கைத்தொழில் ஒன்றும் அறியாதவன் இத்தகைய அரச குடும்பத்தில் வாழ்ந்து நிலைபெறுதல் அரிது, ஆகையால் நான் ஒரு வித்தை கற்பேன் என்று எண்ணினார் என்றே கூறுகிறது. குலம் இல்லாதவனுக்கு வித்தையே குலம் என்று அந்தச் சிறுவன் தானே கண்டுகொண்டான். குப்பைமேட்டில் ஒதுக்கப்பட்டவர் எவ்வாறு எழுந்தார் என்பதை நம்மைவிடக் கருத்தாகக் கேட்க வேண்டியவர் யார்?

வளர்ப்புத் தந்தையிடமும் சொல்லாமல் தட்சசீலத்திற்குப் புறப்பட்டார். இன்று பாகிஸ்தானத்தில் இராவல்பிண்டிக்கு அருகே இருக்கிறது அவ்விடம். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரிடம் ஏழாண்டு கற்றார். விரைந்து கற்றார், கற்றதை மறக்கவில்லை. எனினும் இக்கல்விக்கு எல்லை புலப்படவில்லையே என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் மண்வெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, தட்சசீலத்தைச் சுற்றி ஒரு யோசனை தூரம் தேடி, மருந்துக்கு உதவாத செடி ஒன்றைக் கொண்டுவா என்றார். ஜீவகர் தேடித் திரிந்து வெறுங்கையோடு மீண்டார். மருந்தாகாத செடி ஒன்றையும் காணேன் என்றார். பிழைப்புக்கு இவ்வளவு போதும், நீ கற்றுவிட்டாய் என்று ஆசிரியர் விடைகொடுத்தார். எத்தனை மூலிகைகளின் பெயரை ஒப்பிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. பயனற்றது என்று நீ தள்ளுவது எது என்றே கேட்டார். ஆசிரியர்களாக இருப்போர் இதனைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

ஆசிரியர் தந்த சிறு வழிச்செலவு சாகேத நகரத்திலேயே தீர்ந்துபோயிற்று. அங்கே ஒரு செட்டியின் மனைவி ஏழாண்டாகத் தலைநோயால் வருந்தினாள். பேர்பெற்ற வைத்தியர் பலர் பொன்னைப் பெற்றுக்கொண்டு போனார்களே அன்றி நோய் போகவில்லை. இளைய வைத்தியன் என்ன செய்துவிடுவான் என்று அவள் வாயிற்காப்போனிடம் சொல்லி அனுப்பினாள். நோய் தீர்ந்தபின் விரும்பியதைக் கொடுக்கலாம், முன்னே ஒன்றும் வேண்டாம் என்று இவர் மறுமொழி அனுப்பினார். மருந்திட்டுக் காய்ச்சிய நெய்யை மூக்கின்வழி செலுத்த, அது வாய்வழியே வந்தது. அவள் அதனைப் படிக்கத்தில் உமிழ்ந்து, பஞ்சினால் எடுத்து வை என்று பணிப்பெண்ணுக்குச் சொன்னாள். ஜீவகருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. உமிழ்ந்த நெய்யையே விடாதவள் நமக்கு என்ன கொடுக்கப் போகிறாள் என்று கலங்கினார். அவள் அதை முகத்தினின்றே அறிந்து, கால் தேய்க்கவோ விளக்கு எரிக்கவோ இது ஆகும், இல்லம் நடத்துவோர்க்குச் சிக்கனம் தெரியும், உன் கூலி கெடாது என்றாள். ஒரே மருந்தில் நோய் நீங்கிற்று. அவளும் மகனும் மருமகளும் கணவனும் நந்நாலாயிரமாகப் பதினாறாயிரம் கொடுத்தார்கள். குதிரை பூட்டிய தேரும் ஓர் அடிமையும் ஓர் அடிமைப் பெண்ணும் சேர்த்துக் கொடுத்ததாகவும் நூல் சொல்லுகிறது. மனிதரைப் பரிசாகக் கொடுத்த அக்கால வழக்கத்தை நாம் போற்றுவதற்கில்லை. உயிர்களை விற்கும் வாணிகத்தை உபாசகனுக்கு ஆகாதென்று பகவானே விலக்கியிருக்கிறார். ஜீவகர் அத்தனையையும் கொண்டுபோய்த் தம்மை வளர்த்த அபயன் முன் வைத்தார். அவனோ, இவை உனக்கே ஆகட்டும், இங்கேயே வீடு கட்டிக்கொள் என்றான். பின்னாளில் புத்தருக்கும் சங்கத்தாருக்கும் மருத்துவராய் விளங்கிய ஜீவகரின் முதல் வருமானக் கதை இது.

மருத்துவத் தொழிலென்றதும் அருகிலுள்ள புத்தூர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். எலும்பு முறிந்தோர் தமிழ்நாட்டிலிருந்தும் வண்டியேறி வந்து புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்கின்றனர். பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை, துணி. பொருள்கள் இவ்வளவே, மீதியெல்லாம் விரலின் அறிவு. அந்தக் கை ஒரு குடும்பத்தில் தலைமுறையாக வந்தது. நம் நாட்டில் வித்தைகள் பெரும்பாலும் இவ்விதமே தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. இதனால் வித்தை காக்கப்பட்டது உண்மைதான். ஆனால் மற்றவனுக்குக் கதவு அடைக்கப்பட்டதும் உண்மை. இவ்வூர் ஜமீன்தாரர் சபையில் கோவிந்தசாமையா இயற்றிய வர்ணங்களும் சாரங்கபாணியின் பதங்களும் இன்றும் பாடப்படுகின்றன. அந்தச் சபை வாயிலுக்குள் நம் பாட்டனார்கள் கற்கப் போயிருக்க முடியுமா? தொழில் பிறப்பிலே எழுதப்பட்டது. மாற்றிக் கற்பது குற்றமாயிற்று. செய்த தொழிலும் வசைச்சொல்லாயிற்று.

புத்த பகவான் இவ்விஷயத்தில் செய்தது என்ன என்பதைப் பலர் அறியார். மூங்கில் முடைதல், குயவுத்தொழில், நெசவு, தோல் வேலை, நாவிதம் ஆகியவற்றை அக்கால உலகம் இழிதொழில் என்றது. எழுத்தும் கணக்கும் உயர்தொழில் எனப்பட்டன. ஒரு பிக்கு மற்றொரு பிக்குவைப் பிறப்பையோ தொழிலையோ சுட்டி இழித்துரைத்தால் அது குற்றம் என்று பகவான் விநயத்தில் விதித்தார். நாவிதராயிருந்த உபாலி, சாக்கிய இளவரசர்களுக்கு முன்னதாகத் துறவறம் பெற்றார். தங்கள் செருக்கு அடங்கவேண்டுமென்று அவ்விளவரசர்களே அதனை வேண்டினர். அவர் கற்றார், கற்றுத் தேர்ந்தார், முதற் சங்கீதியில் விநயம் முழுவதையும் கூறும் பொறுப்பு அவரிடமே வந்தது. எனவே, தம்மத்தை ஏற்ற நாம் ஒரு புதுத்தொழிலைத் தேர்ந்து கற்கும்போது வயிற்றுப்பாட்டை மட்டும் பார்த்துக் கொள்கிறோம் அல்லோம். பிறப்பு எழுதிய எழுத்தை நம் கையாலேயே அழிக்கின்றோம்.

தொழிலுக்கும் அநித்தியம் உண்டு. சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் தமிழ்ப் பௌத்த சங்கங்கள் தழைத்தது அவர்களாலேயே. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அழியாத ஊர் என்றே எண்ணினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பாறை துளைப்பதில் நிகரற்ற கைகள் அடுத்த நாள் காலையில் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றன. அவர்களும் அவர்கள் மக்களும் விடியற்காலை இரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரு சென்று, இரவில் திரும்பும் வாழ்க்கையை ஏற்றனர். காவல் வேலை முதல் கணிப்பொறி வேலை வரையில் கற்று நின்றனர். தங்கம் தீர்ந்துபோகும், கற்கும் பழக்கம் உள்ளவனுக்கு இரயில் ஒன்று எப்படியும் அகப்படும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இராஜகிருகத்தில் உபாலி என்றே பெயர்கொண்ட வேறொரு சிறுவன் இருந்தான். அவன் தாய் தந்தையர் கூடி ஆலோசித்தனர். எழுத்து கற்றால் பிள்ளைக்கு விரல் நோகும். கணக்கு கற்றால் மார்பு நோகும். நாணயம் பார்க்கும் தொழில் கற்றால் கண் நோகும். பிக்குகள் நன்றாக உண்டு காற்றில்லா இடத்தில் உறங்குகிறார்கள், அவனைப் பிக்கு ஆக்கிவிடலாம் என்றனர். அதைக் கேட்ட பையன் தோழர் பதினாறு பேரையும் கூட்டிக்கொண்டு சங்கம் புகுந்தான். இரவு கழியுமுன் பதினேழு பேரும் கஞ்சி வேண்டும், சோறு வேண்டும் என்று அழுத சப்தம் பகவான் செவிக்கு எட்டிற்று. இருபது வயது நிரம்பாதவனுக்கு உபசம்பதை அளிக்கலாகாது என்ற விதி அதனால் வந்தது. நோவில்லாத தொழிலைப் பிள்ளைக்குத் தேடுகின்ற தந்தையர் இன்றும் இருக்கின்றனர் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி அன்பரின் இரண்டாவது பேச்சுக்கு வருவோம். இளையவன் முன்னே உட்காருவதால் மானம் போகும் என்கிறார். தமிழில் மானம் என்பது நல்ல சொல். பாளியிலும் மானம் என்னும் சொல் உண்டு. அங்கே அதற்குச் செருக்கு என்று பொருள். மனிதனைப் பிணிக்கும் பத்துத் தளைகளுள் அதுவும் ஒன்று. அது மூன்று வகைப்படும்: நான் உயர்ந்தவன் என்பது ஒன்று, நான் சமமானவன் என்பது ஒன்று, நான் தாழ்ந்தவன் என்று குமைவது ஒன்று. மூன்றாவதையும் பகவான் செருக்கென்றே சேர்த்தார் என்பதைச் சிந்தியுங்கள். எனக்கு இது வராது, நமக்கெல்லாம் எங்கே என்று ஒதுங்குவதும் தன்னையே பெரிதாக எண்ணிக்கொண்டிருப்பதன் மறுபக்கந்தான். சூளபந்தகர் நான்கு மாதம் முயன்றும் ஒரு பாட்டு மனப்பாடம் ஆகவில்லை. உடன்பிறந்த தமையனாரே வெளியேறு என்றார். பகவான் அவர் கையைப் பற்றி அழைத்துவந்து, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, வெயிலைப் பார்த்தமர்ந்து அழுக்கு நீங்குக என்று சொல்லிக்கொண்டே தேய்க்கச் சொன்னார். தூய துணி கைபட்டு அழுக்காவதைக் கண்டார் சூளபந்தகர். அந்தக் காட்சி வழியாகவே அரகத்தானார். ஏட்டில் வராதது கைவழியே வந்தது.

அயோத்திதாச பண்டிதரை இங்கு அறியாதார் இல்லை. 1845-ல் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். சித்த வைத்தியம் கற்றுப் பிழைப்பை நடத்தினார்; பாளியும் கற்றார்; 1898-ல் கொழும்பு சென்று பௌத்தரானார்; அறுபது வயதைத் தாண்டியபின் 1907-ல் வாரப் பத்திரிகை நடத்தத் துணிந்தார். ஆசிரியன் பெயரைச் சாகும்வரை சுமப்பது மானக்கேடென்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்பரே, இருபத்தைந்து ஆண்டு தறியில் நின்ற கை உம்முடையது. இழை அறுவதற்கு முன்பே விரல் அறிந்துகொள்ளும். காயில் கட்டுவதிலும் அதுதான் வேலை: தாமிரக் கம்பியின் கனம் அறிதல், காடிகளில் தாள் வைத்தல், சுற்றுகளை எண்ணுதல். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் சூடேறி மறுபடியும் எரியும். பழைய தொழிலின் பாதி உம்மோடு வருகிறது. அந்தப் பையனுக்கு அது இல்லை. அவனும் உம்மிடம் கற்பான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். தாமிரம் என்று சொல்லி அலுமினியம் கட்டிக் கொடுப்போர் இத்தொழிலில் உண்டு. உழவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. வித்தை கற்றவன் கல்லாதவனை ஏமாற்றும் வல்லமையையும் கூடவே பெற்றுவிடுகிறான். இரண்டாம் சீலமும் நான்காம் சீலமும் விகாரையில் காக்கப்படுவதைக் காட்டிலும், மூடிய மோட்டாரின் உள்ளேதான் காக்கப்படவேண்டும். எரிந்த கம்பியை உடையவன் கையிலேயே கொடுத்துவிடுவது, கட்டுமுன் புதுக்கம்பியைக் காட்டிவிடுவது என்று முதல் நாளே வழக்கமாக்கிக் கொள்ளும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; இவ்வூர் ஆந்திரத்தில் நின்றது. நம்முள் பலருக்குத் தெலுங்கு நாவில் தடையின்றி வருகிறது, எழுத்து மட்டும் வாராது. விண்ணப்பமும் விலைச்சீட்டும் படிக்கப் பிறரை நாடுகிறோம். இவ்வூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் நம் பெண் ஒருத்தி செவ்வாய், வெள்ளி இரவுகளில் ஏழு மணிக்கு இந்தக் கூடத்தில் தெலுங்கு எழுத்து கற்பிக்க இசைந்திருக்கிறாள். அவளுக்கு வயது பத்தொன்பது. எனக்கு அறுபத்துமூன்று, எனக்கும் அந்த எழுத்து தெரியாது. முதற்பெயராக என் பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் அவளிடம் பெயர் கொடுக்கலாம். சிலேட்டு அவரவர் கொண்டுவர வேண்டும்.